லில்லிக்குத் தைத்த புதுச் சட்டை

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழைகளுக்கும் சேர்த்துத்தான். நகரியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நெய்த துணியின் ஓரத்தில் எத்தனை மீட்டர் என்கிற எண்ணும் என் பெயரின் முதல் எழுத்தும்தான். என் தங்கை சுகுணாவுக்குக் கண் தெரியாது. எந்தத் தாளைக் காட்டினாலும் அவளுடைய போன் உரக்கப் படித்துச் சொல்லும். நான் எழுதிய கடிதம் ஒன்றை அதற்குக் காட்டியிருக்கிறாள். போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்தத் தாளில் எழுத்து எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டதாம். அதனால் இதை எங்கள் தெரு டைப்பிங் கடையில் கொடுக்கப்போகிறேன். கடைக்காரம்மா பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருக்கும் பிழை என்னுடையது.

எழுதச் சொன்னவள் சுகுணாதான். "நாம போய் வந்தது எனக்குத் தெரியும்ணா. அது பாக்க எப்படி இருந்ததுன்னு நீதான் சொல்லணும். வாயால சொல்றவனா நீ? எழுதிக் குடு" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். முப்பது வருடமாக பவர்லூம் கொட்டகையில் இருக்கிறேன். தறி ஓடும்போது அங்கே பேச்சு எடுபடாது. கத்த வேண்டும், இல்லாவிட்டால் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவோம், தமிழானாலும் தெலுங்கானாலும். எனக்குக் கூச்சம் வேறு. யார் எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்த "ம்"தான் இந்தப் பயணத்தையே கெடுக்கப் பார்த்தது.

சுகுணாவுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் கண் போனது. படிப்பை விடவில்லை. பல வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, ஹைதராபாத்தில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது. போன வருடம் அவளுக்கு லில்லி வந்திருந்தாள். கண் தெரியாதவர்களைக் கூட்டிப்போகப் பயிற்சி கொடுத்த நாய். வேர்க்கடலைத் தோல் நிறம், கடப்பாரை போட்டு நெம்பினாலும் அசையாத பொறுமை. நாயை "அவள்" என்று எழுதலாமா தெரியவில்லை. "அது" என்று எழுதினால் சுகுணா திட்டுவாள்.

விமானத்தில் இந்த மாதிரி நாயை உள்ளேயே, காலடியில் வைத்துக்கொண்டு போக அனுமதி உண்டு. சுகுணா எல்லாத் தாள்களையும் தயார் செய்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "என்னை லில்லி கூட்டிக்கினு போவா. நீ சும்மா கூட வா. ஹாஸ்டல்ல உட்டுட்டுத் திரும்பிடணும். ஆபீசுக்கு நானும் அவளும் மட்டும்தான். புரிஞ்சுதா?"

"ம்" என்றேன். அவள் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் நல்லது என்று மனதில் ஒரு மூலையில் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யார் வெளியூர் புறப்பட்டாலும் புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைத்து, அதை உடுத்தித்தான் அனுப்புவோம். சுகுணாவுக்குப் புடவை, எனக்கு வேட்டி என்று எடுத்து வைத்த என் மனைவி லோகா, லில்லியைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, பிளேன்ல போற பொண்ணு, வெளுத்துப்போன துணியப் போட்டுக்கினு போவுமா? நெய்யிற ஊட்டுலேர்ந்து போவுது. நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

லில்லியின் முதுகில் பயிற்சி நிலையம் கொடுத்த நீலச் சட்டை ஒன்று இருக்கும். அதில் நிலையத்தின் பெயரும் ஒரு எண்ணும். துவைத்துத் துவைத்து நீலம் சாம்பலாகியிருந்தது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து, தறியில் மிஞ்சிய மெரூன் துணியில் மாம்பழ நிற பார்டர் வைத்து, அதே அளவில் புதுச் சட்டை தைத்தேன். சனிக்கிழமை காலை மஞ்சள் வைத்துப் போட்டுவிட்டோம். சுகுணா விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"அடப்பாவி அண்ணா, பார்டர்லாம் வச்சுத் தச்சுக்கீற! கல்யாணப் பொண்ணு மாதிரி கீறாளா?"

"ம்."

"சரி, வழியில இத்தப் போட்டுக்கட்டும். ஏர்போர்ட்டுல பழசுதான் போடணும். பையில வச்சுட்டியா?"

"ம்."

லோகா வைத்திருப்பாள் என்று நினைத்தேன். நான் வைத்திருப்பேன் என்று லோகா நினைத்தாள். நீலச் சட்டை மாடியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

திருப்பதி பஸ்ஸில் ஏறும்போதே நடத்துனர் கையை நீட்டித் தடுத்தார். "ஏம்மா, இந்தக் குக்கா எங்க வருது?" குக்கா என்றால் தெலுங்கில் நாய். நகரிப் பக்கத்தில் பாதித் தமிழும் பாதித் தெலுங்கும்தான் எல்லோர் வாயிலும்.

"நான் எங்க போறேனோ அங்கதாண்ணா. எனக்குக் கண்ணு தெரியாது, இவதான் கண்ணு. கண்ண இறக்கி உட்டுட்டு என்ன மட்டும் ஏத்திக்கிறியா?" என்றாள் சுகுணா.

நடத்துனர் நகர்ந்துவிட்டார். முன் சீட்டுக்காரர் மட்டும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கடிக்குமா?" என்று கேட்டார்.

"காலையிலயே துன்னுட்டா. இனிமே சாயங்காலந்தான்."

புத்தூர் தாண்டும் வரை அந்த ஆள் காலைக் கீழே வைக்கவில்லை. பஸ் முழுக்கச் சிரிப்பு.

திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். அதற்கு முன் இரண்டு லாட்ஜில் நாயைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதில் இருந்த பெரியவர் அடையாள அட்டை கேட்டார். சுகுணா மூன்று அட்டைகளை எடுத்து வைத்தாள். லில்லிக்கும் அட்டை உண்டு, படத்தோடு. பெரியவர் மூன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல லட்சணமா விழுந்திருக்கிற படம் இந்த அம்மாவோடது மட்டும்தான்" என்று லில்லியைக் காட்டினார். என் ஆதார் படத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சாயங்காலம் அலிபிரிக்குப் போனோம். மலைமேல் நாயைக் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்துதான் வந்திருந்தோம். அடிவாரத்தில் நின்று மலை இருக்கும் பக்கம் சுகுணாவைத் திருப்பி நிறுத்தினேன். கும்பிட்டு முடித்தவள் மூக்கை உறிஞ்சினாள். "அண்ணா, இந்த ஊர்ல போறவன் வர்றவன் எல்லாரு மேலயும் ஒரே வாசனை." சுற்றிப் பார்த்தேன். எல்லாம் மொட்டைத் தலை, எல்லாத் தலையிலும் சந்தனம். ஆள் மாற்றி ஆள் போனால்கூடத் தெரியாது. எனக்கே குழப்பமாக இருந்த அந்தக் கூட்டத்தில் லில்லி ஒருவர் மேலும் இடிக்காமல் சுகுணாவை இட்லிக் கடை வரை கூட்டி வந்தாள். பின்னால் வந்த நான் இரண்டு பேரின் காலை மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு ஆட்டோ. பாதி வழியில் பஞ்சர். மாற்றுச் சக்கரம் இல்லை என்று டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கவுன்டர் மூட அரை மணி நேரம்தான் இருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. தடுப்பூசித் தாள், டாக்டர் தாள், பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, லில்லியை எட்டிப் பார்த்தாள். "சட்டை அழகா இருக்கு. பயிற்சி நிலையத்தோட சட்டை எங்கே? எண் இருக்குமே, அதைச் சரிபார்க்கணும்" என்று தெலுங்கில் கேட்டாள்.

"அண்ணா, அத்த எடு" என்றாள் சுகுணா.

பையைத் திறந்தேன். புளிச்சாதம், துண்டு, லில்லியின் தட்டு, லில்லியின் சாப்பாடு. மறுபடி முதலிலிருந்து தேடினேன். மூன்றாம் முறையும் தேடினேன். பையில் கை துழாவும் சத்தத்திலேயே சுகுணாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது.

"வேணும்னே உட்டுட்டு வந்தியாணா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான் போகக் கூடாதுன்னு?"

என் மனதின் அந்த மூலை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அன்றுதான் "ம்" என்பதை விட்டு வேறு சொல் சட்டென்று வந்தது.

"இல்ல."

மேலதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். நிலையத்தின் சட்டை இல்லாமல் சாதாரண நாயாகத்தான் கணக்கு என்றார். சாதாரண நாயை இந்த விமானத்தில் ஏற்ற வழியில்லை. நகரியிலிருந்து சட்டை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் அவர் முன்னால் போய் நின்றேன். பேசத்தான் நினைத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்தது இரண்டே குரல், ஒன்று சத்தமே வராது, இன்னொன்று தறிக்கொட்டகைக் குரல். இரண்டாவதுதான் வந்தது.

"சார்! தப்பு என்னுது! நான்தான் புதுச்சட்ட தச்சேன்! பழசு கொடியில கீது! என்ன உட்டுட்டுப் போங்க, என் சீட்டுல இந்தப் பொண்ண உக்கார வைங்க!"

கட்டடமே திரும்பிப் பார்த்தது. "இந்தப் பொண்ணு" என்று நான் லில்லியைக் காட்டியதும் வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கத்தாதீங்க, எனக்குக் காது கேட்கும். வீட்டில் யாராவது அந்தச் சட்டையைப் படம் எடுத்து அனுப்புவாங்களா? எண்ணாவது தெரியட்டும். நான் பயிற்சி நிலையத்துக்கும் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார்.

லோகாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. நீலச் சட்டையைத் தன் மார்பிலேயே விரித்துப் பிடித்து, கையை நீட்டித் தானே எடுத்திருந்தாள். எண் தெளிவாக இருந்தது. மேலே பாதி முகம், கோபமாக. கவுன்டர்ப் பெண் அதை வாங்கிச் சான்றிதழோடு ஒத்துப் பார்த்து, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உள்ள இன்னா பேசிக்கினு கீறாரு? சொல்லுணா" என்றாள் சுகுணா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரியின் உதடு நன்றாகத் தெரிந்தது. படித்துச் சொன்னேன். "எண் சரியா இருக்குன்னு சொல்றாரு... நிலையத்துல ஆள் கிடைச்சுட்டாங்க... ஆனா கூட்டம் இருக்கு, லட்டு வாசனை இருக்கு, உள்ள போய் எதையாவது பண்ணிட்டா யாரு பொறுப்புன்னு கேக்கறாரு..."

அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஏதோ கிழிந்த சத்தம். ஹைதராபாத் மனிதர் ஒருவர், புது மொட்டை, லட்டுப் பை கிழிந்து நின்றார். லட்டுகள் நாலா பக்கமும் உருண்டன. ஒன்று நேராக வந்து லில்லியின் முன்னங்காலில் மோதி உடைந்தது. நெய் வாசனை குப்பென்று எழுந்தது. முந்திரி ஒன்று அவள் மூக்குக்கு நாலு விரல் தள்ளி.

வரிசை அப்படியே நின்றது. மொட்டைத் தலைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். லில்லியின் மூக்கு மட்டும் துடித்தது. வாயோரத்தில் எச்சில் நூல் மாதிரி இறங்கி, தறியில் அறுந்த பாவு இழை போல ஆடியது. பிறகு அவள் முகத்தைத் திருப்பி, ரொம்ப சிரமப்பட்டு, கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி அறையில் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். போன் காதில் இருந்தது. உதடு அசைந்தது.

"இன்னா சொல்றாரு?" என்று சுகுணா என் கையைக் கிள்ளினாள்.

"ஒரு நிமிஷம்னு சொல்றாரு... லட்டு... தொடவே இல்ல சார்... நானா இருந்தா எடுத்திருப்பேன்... வேண்டாம் சார், எனக்கு வேற சாட்சி வேண்டாம்..."

சுகுணா உட்கார்ந்து லில்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வரிசையில் யாரோ கை தட்டினார்கள். கவுன்டர்ப் பெண் ஒரு அட்டையில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, நான் தைத்த மெரூன் சட்டையின் முதுகில் ஊக்கு போட்டு மாட்டிவிட்டாள்.

பாதுகாப்புச் சோதனையில் சுகுணா முதலில் போனாள். கூப்பிட்டதும் லில்லி போனாள். ஒரு சத்தமும் இல்லை. நான் போனதும் மெஷின் அலறியது. இடுப்பில் தாயத்து, சட்டைப் பையில் தறிக்காரன் வைத்திருக்கும் நூல் வெட்டும் கத்தி. கத்தியை வாங்கிக்கொண்டு, தாயத்தைத் தட்டிப் பார்த்து அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தில் லில்லி உட்கார்ந்து, இவ்வளவு நேரமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

முதல் வரிசையில் எங்கள் இடம். ஜன்னலோரம் சுகுணா, அவள் காலடியில் லில்லி, நடுவில் நான். என் மறுபக்கம் வந்து உட்கார்ந்தவர் யார் என்றால் அதே லட்டுக்காரர். லில்லியைப் பார்த்ததும் காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். "ஏமண்டி, எனக்குச் சின்ன வயசிலிருந்து நாய் என்றால் பயம்" என்று என் காதில் சொன்னார். விமானப் பணிப்பெண் வந்து பெல்ட் போட, காலைக் கீழே வைக்கச் சொன்னாள். வைத்தார். லில்லி உடனே நீட்டிப் படுத்து, என் காலைத் தாண்டி, அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

விமானம் ஓட ஆரம்பித்தபோது எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நூறு தறி ஒன்றாக ஓடுகிற அதே சத்தம். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது. எழும்பியதும் லட்டுக்காரர் "கோவிந்தா!" என்றார். பின்னால் இருந்த மொட்டைத் தலைகள் எல்லாம் "கோவிந்தா!" என்றன. லில்லி குறட்டை விட்டாள்.

"வெளிய இன்னா தெரியுதுணா?" என்று கேட்டாள் சுகுணா. ஜன்னல் அவள் பக்கம். எட்டிப் பார்த்தேன். மலை தெரிந்தது. நேற்றுக் கீழே நின்று கும்பிட்ட மலை இப்போது எங்களுக்குக் கீழே இருந்தது. சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

சாப்பிட, குளிர்ந்த ரொட்டிக்குள் வெள்ளரிக்காய் வைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது மாதிரி இருந்தது. லோகாவின் புளிச்சாதத்தைத் திறந்தேன். லட்டுக்காரர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பொட்டலத்தையே பார்த்தார். பாதிக்கு மேல் அவர்தான் சாப்பிட்டார். பதிலுக்கு ஒரு லட்டு எடுத்து, "இந்த அம்மாவுக்கு" என்று லில்லியைக் காட்டினார்.

"டியூட்டியில கீறா. எனக்குக் குடுங்க" என்று சுகுணா வாங்கிக்கொண்டாள்.

ஹைதராபாத்தில் இறங்கி எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. ஒரு மணி நேரம் பாதத்தை அசைக்காமல் வைத்திருந்திருக்கிறார். "எழுப்பிவிட மனசு வரலை" என்றார். நானும் பணிப்பெண்ணும் ஆளுக்கு ஒரு கை பிடித்துத் தூக்கி நிறுத்தினோம்.

ஹாஸ்டல் வாசலில் சுகுணா என்னை நிறுத்தினாள். "இதோட சரி. காலையில ரயிலேறிடு. பின்னாடி வராதணா. சத்தியமா?"

"ம்" என்றேன்.

சுகுணா, இதற்கு மேல் உனக்கு மட்டும் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அன்று என் ரயில் சாயங்காலம்தான். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கே உன் ஹாஸ்டல் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். நீ வெளியே வந்தாய். புதுப்புடவை. லில்லியின் முதுகில் நான் தைத்த மெரூன் சட்டை. அவ்வளவு கூட்டத்திலும் அந்த நிறம் எனக்கு விடாமல் தெரிந்தது. நீங்கள் அந்தப் பக்கம் நடக்க, நான் இந்தப் பக்கம் நடந்தேன். ஒரு பள்ளம் வந்தது. எனக்கு வாய் வரை குரல் வந்துவிட்டது. அதற்குள் லில்லி உன்னைச் சுற்றிக் கூட்டிப்போய்விட்டாள். பைக் ஒன்று நடைபாதையில் ஏறி வந்தது. அவள் நின்றாள், நீ நின்றாய், பைக் போனது. நான் செய்ய அங்கே வேலை எதுவும் இல்லை.

சாலையைக் கடக்கும் இடத்தில், நான் இருந்த பக்கம் திரும்பி நின்றீர்கள். காற்று என் பக்கத்திலிருந்து அடித்தது. லில்லி தலையைத் தூக்கினாள். நேராக என்னைப் பார்த்தாள். வாலை ஆட்டினாள். வால் உன் காலில் பட்டிருக்க வேண்டும். நீ குனிந்து அவளிடம் ஏதோ சொன்னாய். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் நான் தறிக்காரன். உன் உதடு சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அண்ணனா? வரட்டும், உடு. நீ ரோட்டப் பாரு."

பிறகு கடந்து வந்தீர்கள். நான் இளநீர் வண்டியை ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லில்லி என்னை உரசிக்கொண்டு போனாள், நிற்கவில்லை. வால் மட்டும் என் வேட்டியில் ஒரு தட்டு. நீ முகத்தைத் திருப்பாமல் சிரித்துக்கொண்டு போனாய். பத்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அலுவலக வாசலில் காவலாளி எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

நான் வந்தது உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அது மட்டும் இதுவரை உனக்குத் தெரியாது. வைகாசியில் நடந்ததை இவ்வளவு நாள் கையில் வைத்திருந்துவிட்டேன். லில்லிக்கு அடுத்த சட்டை தைத்தாகிவிட்டது, பச்சை. நிலையத்தில் கேட்டு, எண்ணையும் பெயரையும் நானே நூலில் தைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். உன் போன் படிக்கிறதா பார்த்துச் சொல்.

நகரி,
புரட்டாசி முதல் சனிக்கிழமை.